வாசகர் கேள்வி–பதில்: குளிர்காலத்துக்கு எத்தனை மாடு?

சென்ற இதழில் ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைக் கிராமங்களைப் பற்றி அரைப்பக்கக் குறிப்பு ஒன்று எழுதியிருந்தேன். மலை ஊர்களின் வரலாற்றில் பாதி சமவெளியில்தான் நடந்தது என்று அதில் ஒரு வரி வந்தது. அந்த வரியைப் பிடித்துக்கொண்டு நெல்லைச் சீமையின் பல ஊர்களிலிருந்து கடிதங்கள் வந்துள்ளன. மலையைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவர்கள் கேட்கும் கேள்விகள் என்பதால், இந்த இதழில் வேறு எதையும் எடுத்துக்கொள்ளவில்லை.

கேள்வி (கடையம் வாசகர்): எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் மேற்கே முழுவதும் மலைதான். ஆனால் அங்கே காணிக்காரர் குடியிருப்புகளையும் தேயிலைத் தோட்டங்களையும் விட்டால் ஊர் என்று சொல்லும்படி எதுவுமில்லை. பனி மூடிய ஆல்ப்ஸில் இத்தனை ஊர்கள் எப்படி நிலைத்தன? எதைத் தின்று வாழ்ந்தார்கள்?

பதில்: ஆல்ப்ஸ் என்றதும் நம் மனத்தில் வெள்ளைச் சிகரங்கள் எழுகின்றன. அந்த மலைவாசிகள் 'ஆல்ப்' என்று சொல்வது சிகரத்தை அன்று. மரங்கள் வளரும் எல்லைக்கு மேலே, பனி உருகிய பிறகு ஏறத்தாழ ஜூன் முதல் செப்டம்பர் வரை மாடுகள் மேயும் கோடைப் புல்வெளிக்கே அந்தப் பெயர். ஒரு குடும்பத்தின் பிழைப்பு மூன்று அடுக்குகளில் பரவியிருந்தது. கீழே ஊரும் வயலும், நடுவில் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் சில வாரங்கள் தங்கும் இடைப் புல்வெளி, மேலே ஆல்ப். அறுவடை முடிந்ததும் கீதாரிகள் ஆட்டுக்கிடையை ஊர் ஊராக நடத்திச் செல்வதைப் பார்த்த நமக்கு இது விளங்காத செய்தி ஆகாது. நம் ஆடுகள் தரையோடு தரையாக நகர்கின்றன. அவர்களுடைய மாடுகள் ஆண்டுக்கு ஒரு முறை மலையேறி இறங்கின.

கோடையில் புல்லுக்குக் குறைவில்லை. குளிர்காலத்தில்தான் சிக்கல். ஆண்டில் பாதிக்கு மேல் மாடுகள் தொழுவத்தை விட்டு வெளியே வர முடியாது. அத்தனை நாளுக்கும் உலர்ந்த புல் வேண்டும். நாம் தொழுவுக்குப் பக்கத்தில் வைக்கோல் படப்பு போட்டு வைப்பதைப் போல அவர்கள் புல்லை அறுத்து, காயவைத்து, மரப் பரண்களில் அடைத்தார்கள். சொந்தப் புல்வெளி இல்லாத ஏழைகள், மாடு ஏற முடியாத செங்குத்துப் பாறைச் சரிவுகளில் தொங்கிக்கொண்டு புல் அறுத்தார்கள். அதில் கால் தவறி இறந்தவர்கள் பலர்.

இந்த இடத்தில் சுவிட்சர்லாந்தின் வாலே பகுதியில் உள்ள டோர்பெல் என்னும் ஊரைச் சொல்ல வேண்டும். 1483இல் அவ்வூரார் கூடி, ஆல்ப் மேய்ச்சலையும் காட்டையும் எப்படிப் பயன்படுத்துவது என்று ஓர் உடன்படிக்கை எழுதினார்கள். வெளியூரார் அங்கே நிலம் வாங்கினாலும் பொதுப் புல்வெளியில் பங்கு கிடையாது என்றது அது. 1517ஆம் ஆண்டு விதி ஒன்று, குளிர்காலம் முழுவதும் தன் தொழுவத்தில் வைத்துத் தீனி போட முடிந்த மாடுகளுக்கு மேல் ஒரு மாட்டைக்கூட எவரும் ஆல்ப்புக்கு அனுப்பக் கூடாது என்றது. மீறுபவருக்குத் தண்டம் விதிக்க ஓர் ஊர் அலுவலர் இருந்தார். வசூலில் பாதி அவருக்கே. பொதுநிலம் கேட்பாரற்றுப் பாழாகும் என்ற எண்ணத்தை மறுத்து, எலினோர் ஆஸ்ட்ரோம் தமது ஆய்வில் எடுத்துக்காட்டிய ஊர்களில் டோர்பெல் ஒன்று. பொருளாதாரத்துக்கான நோபல் பரிசை 2009இல் பெற்றவர் அவர். அப்பரிசைப் பெற்ற முதல் பெண்மணியும் அவரே.

அந்த விதியை நான் பல நாள் எண்ணிப் பார்த்ததுண்டு. மேய்ச்சல் பொதுவாக இருந்தாலும் அதற்கான அளவுகோல் அவரவர் சொந்தப் பரணில் இருந்தது என்பதே அதன் நுட்பம். அதே காரணத்தால், நிறையப் புல்வெளி வைத்திருந்தவர் நிறைய மாடு அனுப்பினார். பொதுநிலம் காப்பாற்றப்பட்டது, ஏழைக்கும் பணக்காரருக்கும் இடையிலிருந்த தூரம் குறையவில்லை. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

உணவைக் கேட்டீர்கள். பால், பாலாடைக்கட்டி, ரை என்னும் தானியத்தின் ரொட்டி. பல வாலே கிராமங்களில் ஊர்ப்பொது அடுப்பில் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறைதான் ரொட்டி சுட்டார்கள். மாதக்கணக்கில் வைத்துத் தின்றதால் அது கல்லாக இறுகியிருக்கும். தானியத்தைக் காக்க நம் பக்கத்தில் மண் குலுக்கை வைத்திருந்தோம் அல்லவா, அங்கே மரக் களஞ்சியங்களைக் குட்டைக் கால்கள் மேல் நிறுத்தி, ஒவ்வொரு காலின் தலையிலும் அகலமான வட்டக் கல் ஒன்றை வைத்தார்கள். காலைப் பற்றி ஏறும் எலி அந்தக் கல்லின் அடிப்பக்கத்தைத் தாண்ட முடியாமல் திரும்பிவிடும். பதினெட்டாம் நூற்றாண்டில் உருளைக்கிழங்கு பரவிய பிறகே அந்தச் சரிவுகளில் கூடுதலான வாய்களுக்குச் சோறு கிடைத்தது.

கேள்வி (சேரன்மகாதேவி விவசாயி): எங்கள் வயலுக்குக் கன்னடியன் கால்வாய்த் தண்ணீர். கார் சாகுபடியில் தண்ணீர் குறைந்தால் முறை வைத்துப் பாய்ச்சுவோம். பனியும் மழையும் நிறைந்த மலையில் இந்தத் தொல்லை இருந்திருக்காது அல்லவா?

பதில்: இருந்தது ஐயா. நம்மைப் பிடித்த காரணமே அவர்களையும் பிடித்தது. தென்மேற்குப் பருவத்தின் மழை மலைக்கு அப்பால் கொட்டிவிடுவதால், நமக்குச் சாரலும் ஆற்றில் வரும் தண்ணீரும் மட்டுமே மிஞ்சுகின்றன. வாலே பள்ளத்தாக்கின் இருபுறமும் உயர்ந்த மலைகள் நின்று மேகத்தைத் தடுப்பதால், அதன் தலைநகரான சியோனில் ஆண்டுக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழைதான் பெய்கிறது. தலைக்கு மேலே பனியாறு, காலடியில் காய்ந்த சரிவு. எனவே பனி உருகிய நீரை மலையின் விலாவோடு பல கிலோமீட்டர் தூரம் கொண்டுவரும் கால்வாய்களை வெட்டினார்கள். பிரெஞ்சு பேசுபவர்கள் அவற்றை 'பிஸ்' என்றும் ஜெர்மன் பேசுபவர்கள் 'சுவோனே' என்றும் அழைக்கிறார்கள். பதினைந்தாம் நூற்றாண்டில் அவை பெருகின. கொள்ளை நோயால் மக்கள்தொகை குறைந்து, தானியத்தைவிட மாட்டு வளர்ப்பு இலாபம் தந்த காலம் அது. மாட்டுக்குப் புல் வேண்டும், புல்லுக்குத் தண்ணீர் வேண்டும்.

செங்குத்தான பாறை குறுக்கிட்ட இடங்களில், பாறையில் துளையிட்டுக் கட்டைகளை அறைந்து, குடைந்த மரத் தொட்டிகளை அவற்றின் மேல் வரிசையாக வைத்துத் தண்ணீரை ஓடவிட்டார்கள். ஓர் அடி அகலப் பலகையில் நடந்து அதைப் பழுது பார்க்க வேண்டும். கால்வாயில் ஒரு சிறு நீர்ச்சக்கரத்தை வைத்து, அது சுழலும்போது ஒரு மரச் சுத்தி பலகையில் அடிக்கும்படி செய்திருந்தார்கள். அந்த 'டக், டக்' ஓசை இரவெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தால் காவலாளி நிம்மதியாகப் படுத்திருப்பார். ஓசை நின்றால் எங்கோ கரை உடைந்தது என்று பொருள். விளக்கை எடுத்துக்கொண்டு ஓடுவார். நம் ஊர் நீர்பாய்ச்சிகள் மடைச் சத்தத்தைக் கொண்டே தண்ணீரின் அளவைச் சொல்வதைச் சிறுவயதில் அம்பாசமுத்திரத்தில் கேட்டிருக்கிறேன். அந்தக் காவலாளியைப் பற்றிப் படித்தபோது அவர்களுடைய முகங்களே எனக்கு நினைவுக்கு வந்தன.

முறைக்கணக்கு எழுத்தில் இல்லை, மரத்தில் இருந்தது. 'டெஸல்' எனப்படும் சிறு மரத்துண்டில் ஒரு பக்கம் குடும்பத்தின் அடையாளக் குறியும் அத்துடன் அக்குடும்பத்துக்கு உரிய நீர் நேரத்துக்கான வெட்டுகளும் இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் விரலால் தடவி 'என் முறை இது' என்று சொல்லிவிடலாம். இந்தப் பாசன மரபை 2023இல் யுனெஸ்கோ மானுடத்தின் பண்பாட்டுச் செல்வங்களில் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது. தாமிரபரணியின் பழைய ஏழு அணைக்கட்டுகளையும் அவற்றின் முறை ஏற்பாடுகளையும் அதே அக்கறையோடு யாராவது ஊர் ஊராகச் சென்று பதிவு செய்ய வேண்டும் என்று எனக்கு ஆசை உண்டு.

கேள்வி (செங்கோட்டை வாசகர்): ஆரியங்காவுக் கணவாய் வழியே பொதிமாடுகள் போன கதையை எங்கள் தாத்தா சொல்வார். ஆல்ப்ஸ் கணவாய்களில் வணிகம் நடந்ததா?

பதில்: பெரிதாகவே நடந்தது. இத்தாலியையும் ஜெர்மனியையும் இணைக்கும் கோத்தார்ட் வழியில் ஷோலனன் என்னும் ஒடுக்கமான பள்ளம் நெடுங்காலம் தடையாக நின்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே பாலமும், பாறையோடு ஒட்டித் தொங்கும் மரப்பாதையும் அமைந்த பிறகே வழி திறந்தது. வழி திறந்ததும் அதன் வாயிலில் இருந்த ஊரி என்னும் பள்ளத்தாக்கின் மதிப்பு உயர்ந்தது. 1231இல் அது பேரரசரின் நேரடி ஆட்சிக்கு உட்பட்ட பகுதி என்ற உரிமையைப் பெற்றது. பிற்காலச் சுவிட்சர்லாந்தின் தொடக்கத்தை அந்த உரிமையிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது.

சரக்கைச் சுமந்தவை கோவேறு கழுதைகளும் குதிரைகளும். அவற்றை ஓட்டும் உரிமை வழியோரக் கிராமங்களின் சங்கங்களுக்கே இருந்தது. ஒரு சங்கத்தின் எல்லை முடிந்ததும் சரக்கை இறக்கி, அடுத்த ஊராரின் விலங்குகளில் ஏற்ற வேண்டும். வணிகருக்கு அது எரிச்சல். மலைக் குடியானவருக்கு அதுவே ரொக்கப் பணம்.

1872இல் தொடங்கி 1882இல் முடிந்த 15 கிலோமீட்டர் கோத்தார்ட் இரயில் சுரங்கம் அந்த வாழ்க்கையை முடித்து வைத்தது. அதைக் குடைந்தவர்களில் பெரும்பாலோர் ஏழை இத்தாலியர். ஏறத்தாழ 200 பேர் வேலையில் உயிரிழந்தனர். புகையும் சேறும் நிறைந்த அந்தக் குகையில் கொக்கிப்புழு நோய் பரவி மேலும் பலரை உருக்கியது. 1875இல் கோஷனனில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். ஒப்பந்தக்காரர் லூயி ஃபாவ்ரே 1879இல் அந்தச் சுரங்கத்துக்குள்ளேயே மாரடைப்பால் இறந்தார். இரயில் வந்த பிறகு வெளிநாட்டு மலிவுத் தானியம் உள்ளே நுழைந்தது. மலை வயல்கள் பல புல்வெளியாக மாறின. செங்கோட்டை வழியாகக் கொல்லத்துக்கு இரயில் ஓடத் தொடங்கிய 1904க்குப் பிறகு உங்கள் தாத்தாவின் பொதிமாடுகளுக்கு என்ன நேர்ந்தது என்பதை நீங்கள் எழுதி அனுப்பினால் மகிழ்வேன்.

கேள்வி (நாங்குநேரி, ஓய்வுபெற்ற ஆசிரியை): ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் எங்கள் ஊர்ப் பையன்கள் பம்பாய்க்குக் கடை வேலைக்குப் போய்விடுவார்கள். வருகைப் பதிவேட்டில் அவர்கள் பெயரைச் சிவப்பு மையால் அடித்த கை என்னுடையது. 'மலையிலிருந்து மனிதர்கள் இறங்கினார்கள்' என்று எழுதியிருந்தீர்கள். பிள்ளைகளும் இறங்கினார்களா?

பதில்: இறங்கினார்கள் அம்மா. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் வேறு வேலை ஓடவில்லை.

ஆஸ்திரியாவின் டிரோல், ஃபோரார்ல்பெர்க் பகுதிகளிலிருந்தும் சுவிட்சர்லாந்தின் கிராபுண்டனிலிருந்தும் ஆண்டுதோறும் வசந்தத்தின் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஜெர்மனியின் சுவாபியச் சமவெளிக்கு நடந்து சென்றார்கள். 'சுவாபியப் பிள்ளைகள்' என்றே அவர்களுக்குப் பெயர். ஏழெட்டு வயதுப் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. கணவாய்களில் பனி கரைந்திராத மார்ச் மாதத்தில், ஒரு பாதிரியாரோ ஊர்ப் பெரியவரோ முன்னால் நடக்க, பல நாள் நடந்து ராவன்ஸ்பர்க் போன்ற ஊர்களின் சந்தைக்குப் போய்ச் சேர்வார்கள். அங்கே பண்ணைக்காரர்கள் வந்து, பிள்ளைகளின் உடல்வாகைப் பார்த்து, கூலி பேசி அழைத்துப் போவார்கள். மாடு மேய்ப்பதும் வீட்டு வேலையும் நவம்பர் 11ஆம் நாளான புனித மார்ட்டின் திருநாள் வரை நடக்கும். கூலியாகச் சிறிது பணமும், தலை முதல் கால் வரை இரண்டு தொகுதி உடுப்பும் கிடைக்கும். ஒன்று அன்றாடத்துக்கு, மற்றொன்று ஞாயிற்றுக்கிழமைக்கு. அந்தப் புது உடுப்போடு ஊர் திரும்பும் பிள்ளையை எண்ணிப் பாருங்கள். பெற்றோருக்கு இன்னொரு இலாபமும் இருந்தது, அதைச் சொல்லவே மனம் கூசுகிறது: எட்டு மாதங்களுக்கு வீட்டில் ஒரு வாய் குறைந்தது.

பள்ளிச் சட்டம் இல்லாமல் இல்லை. சொந்த ஊரில் கோடை முழுவதும் விலக்கு அளித்தார்கள். போன இடமான வுர்ட்டம்பர்க்கில், கட்டாயக் கல்வி உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று வைத்திருந்தார்கள். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் அது பொருந்தும் என்று 1921இல் ஆன பிறகுதான் இந்த நடை ஏறத்தாழ நின்றது. கல்வியில் பின்தங்கியிருந்ததால் பிள்ளைகளை அனுப்பினார்கள் என்று எழுதுபவர்கள் உண்டு. இரண்டு அரசுகளும் தெரிந்தே விட்டுவைத்த இடைவெளியில்தான் அந்தப் பிள்ளைகள் விழுந்தார்கள் என்பது என் முடிவு.

மலைநாடு எழுத்தறிவில்லாத நாடு என்று நினைக்கவும் இடமில்லை. பிரெஞ்சு ஆல்ப்ஸின் பிரியான்சோன் பகுதியில் நீண்ட குளிர்காலத்தில் பிள்ளைகளும் பெரியவர்களும் படித்தார்கள். அங்கிருந்து ஆசிரியர்கள் இலையுதிர் காலச் சந்தைகளுக்குப் போய், தொப்பியில் இறகு செருகிக்கொண்டு நிற்பார்கள். ஓர் இறகு என்றால் எழுதப் படிக்கக் கற்பிப்பவர், இரண்டு என்றால் கணக்கும் சேர்த்து, மூன்று என்றால் இலத்தீனும் கூட. சமவெளிக் கிராமத்தார் இறகை எண்ணி, சம்பளம் பேசி, குளிர்காலத்துக்கு ஒருவரை அழைத்துப் போவார்கள். கிராபுண்டனின் இனிப்புப் பலகாரக்காரர்கள் வெனிஸ் நகரில் கடைகள் நடத்திச் செழித்தார்கள். 1766இல் அந்நகரம் அவர்களை வெளியேற்றியபோது, பெர்லின் முதல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வரை பரவிக் கடை வைத்தார்கள். சொந்தப் பள்ளத்தாக்கில் அவர்கள் கட்டிய பெரிய வீடுகள் இன்றும் நிற்கின்றன. பம்பாய்ப் பணத்தில் எழுந்த வீடுகள் உங்கள் ஊரிலும் இருக்கும். அவற்றுக்குள் எத்தனை சிவப்பு மைக் கோடுகள் புதைந்துள்ளன என்பதை உங்களைப் போன்றவர்கள்தான் எழுத முடியும், எழுதுங்கள்.

கேள்வி (சங்கரன்கோவில் வாசகர்): இரு ஊர்களுக்கு நடுவே மேய்ச்சல் தகராறு வந்தால் எப்படித் தீர்த்தார்கள்?

பதில்: அடிதடியும் கொலையும் நடந்ததுண்டு. தீர்த்துக்கொண்டதற்கு ஓர் எடுத்துக்காட்டு மட்டும் தருகிறேன். பிரனீஸ் மலையின் இருபுறமும் உள்ள ஸ்பெயினின் ரோன்கால் பள்ளத்தாக்குக்கும் பிரான்சின் பரேதூ பள்ளத்தாக்குக்கும் 1375இல் ஒரு மத்தியஸ்தம் ஆனது. அதன்படி ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 13ஆம் நாள், எல்லைக் கல்லருகே பரேதூக்காரர்கள் இரண்டு வயதான மூன்று பசுக்களை ரோன்கால்காரர்களிடம் ஒப்படைக்கிறார்கள். இரு அரசுகள் போரிட்ட காலங்களையும் தாண்டி அந்த வழக்கம் இன்றும் நடக்கிறது.

கேள்வி (பாபநாசம் வாசகர்): பாட்டன் காலத்தில் மலையில் விறகு எடுத்தார்கள், மாடு மேய்த்தார்கள். பிறகு காட்டிலாகாச் சட்டம் வந்தது. இது நமக்கு மட்டும் நேர்ந்ததா?

பதில்: இல்லை. பிரான்சில் 1827ஆம் ஆண்டுக் காட்டுச் சட்டம் மேய்ச்சலையும் விறகு எடுப்பதையும் இறுக்கியது. பிரனீஸ் மலையின் அரியேஜ் பகுதியில் 1829 முதல் 1832 வரை ஆண்கள் பெண்களைப் போல நீண்ட வெள்ளைச் சட்டையைத் தொங்கவிட்டு, முகத்தில் கரி பூசிக்கொண்டு, இரவில் காட்டுக் காவலர்களையும் கரி எரிப்பவர்களையும் விரட்டினார்கள். 'குமரிகளின் போர்' என்று அதற்குப் பெயர் வந்தது. அந்தக் காடுகளை அழித்ததில் இரும்பு உருக்கும் பட்டறைகளின் கரித் தேவைக்குப் பெரும் பங்கு உண்டு. பழி மட்டும் குடியானவரின் ஆட்டின் மேல் விழுந்தது. சுவிட்சர்லாந்திலும் 1868இல் பெருவெள்ளம் வந்தபோது மலைக்காடு அழிந்ததே காரணம் என்று பேசப்பட்டு, 1876இல் கூட்டாட்சிக் காட்டுச் சட்டம் வந்தது.

இதற்கும் நம் மலைக்கும் நேர்த் தொடர்பு உண்டு. பிரெஞ்சு வன அதிகாரிகளை உருவாக்கிய நான்சி நகரத்து வனப்பள்ளி 1824இல் தொடங்கப்பட்டது. இந்தியாவில் பணியாற்றவிருந்த பிரிட்டிஷ் வன அதிகாரிகள் பலரைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அங்கேதான் அனுப்பிப் படிக்கவைத்தார்கள். சென்னை மாகாணத்துக் காட்டுச் சட்டம் 1882இல் வந்தது. பாபநாசத்தின் மேல் உள்ள காட்டில் உங்கள் பாட்டனைத் தடுத்த ஒழுங்குமுறையின் ஒரு வேர் பிரான்சில் இருந்தது.

கேள்வி (தூத்துக்குடி, உப்பளத் தொழிலாளி மகள், கல்லூரி மாணவி): மலைவாழ் ஐரோப்பியர்களின் பழைய படங்களில் கழுத்து வீங்கியவர்களாக வரைந்திருக்கிறார்களே, ஏன்?

பதில்: அயோடின் குறைவு, தம்பி தங்கைகளுக்கும் சொல்லுங்கள். பனியாறுகள் மேல்மண்ணைச் சுரண்டிக்கொண்டு போன பள்ளத்தாக்குகளில் மண்ணிலும் நீரிலும் பயிரிலும் அயோடின் மிகக் குறைவு; கடல்மீன் எட்டாத தூரம். அதனால் தைராய்டு சுரப்பி வீங்கியது. கடுமையான குறை உள்ள இடங்களில் குழந்தைகள் செவித்திறனும் அறிவுத்திறனும் குன்றிப் பிறந்தார்கள். பயணிகள் அவர்களை வேடிக்கைப் பொருளாக எழுதிவிட்டுப் போனார்கள். குறைப்பட்ட இரத்தம், அழுக்கு, நெருங்கிய உறவில் திருமணம் என்றெல்லாம் பழி சொன்னவர்கள் உண்டு.

முதல் உலகப் போர் முடியும் வேளையில், 1918இல், ஓட்டோ பயார் என்னும் மலைநாட்டு மருத்துவர் வாலேயின் கிரேகன் என்னும் ஊரில் சில குடும்பங்களுக்கு மிகச் சிறிதளவு அயோடின் கலந்த உப்பைக் கொடுத்துப் பார்த்தார். கழுத்து வீக்கம் குறைந்தது. 1922இல், ஹெரிசாவ் மருத்துவமனைத் தலைவர் ஹான்ஸ் எக்கன்பெர்கரின் முயற்சியால், அப்பென்செல் அவுசர்ரோடன் என்னும் சிறு மாநிலம் அயோடின் கலந்த உப்பை முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. சில ஆண்டுகளில் பிறக்கும் குழந்தைகளிடம் வீக்கம் காணப்படுவது நின்றது. பல நூற்றாண்டு அவமானத்துக்கு ஒரு கிலோ உப்பில் சில மில்லிகிராம் மருந்தாக இருந்தது.

இந்தியாவில் மருத்துவர் வி. இராமலிங்கசுவாமியும் அவருடைய குழுவினரும் 1956இல் இமயமலை அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் அதே சோதனையைத் தொடங்கினார்கள். அதன் பயனாக 1962இல் தேசியத் திட்டம் பிறந்தது. குஜராத்துக்கு அடுத்தபடியாக நாட்டில் மிகுதியாக உப்பு விளைவது தமிழ்நாட்டில்தான், அதிலும் பெரும்பகுதி உங்கள் ஊரில். உங்கள் பெற்றோர் வெயிலில் நின்று வாரிக் குவிக்கும் உப்பு அயோடின் கலக்கும் ஆலைக்குப் போய், கடலை ஒருநாளும் பார்த்திராத மலை வீடுகளின் அடுப்படி வரை சேர்கிறது.